வில் யாழாகும் இடம்

அம்பு பார்வைக்கு நேராக இருக்கும், செய்வதோ கொடுமை. யாழின் தண்டு வளைந்திருக்கும், அதிலிருந்து வருவதோ இனிமை. தோற்றத்தை விட்டுவிட்டுச் செயலைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதற்கு வள்ளுவர் காட்டும் இணை இது. கூடாவொழுக்கம் அதிகாரத்தில், துறவி வேடம் பூண்டவர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறது. அங்கே அளக்கப்படுபவர் மனிதர். அம்பும் யாழும் அளவுகோல்கள் மட்டுமே. ஆனாலும் அந்த இணைக்குள் வேறொரு கேள்வி கிடக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயன், குழல் ஊதிச் சலித்த பிறகு, உள்ளே புழையுள்ள குமிழங்கொம்பில் மரல் நாரை நரம்பாகக் கட்டி ஒரு கருவி செய்துகொள்கிறான். அதன் பெயர் வில்யாழ். வில்லின் வளைவு அப்படியே இருக்கிறது, நாணுக்குரிய கட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, தொடுக்க அம்பு மட்டும் இல்லை. கொல்வதற்கென்று மனிதர் கண்ட ஒரு வடிவம் வேறொன்றாக மாற முடியும் என்பதற்கு இந்தப் பெயரே சாட்சி. எதனால் மாறுகிறது என்பதுதான் கேள்வி. வைத்திருப்பவனின் மனத்தாலா, கருவியில் செய்யும் மாற்றத்தாலா, அதைச் சுற்றிக் கட்டும் ஒழுங்காலா?

இந்தக் கேள்வி இன்று கூர்மையாக எழும் ஓரிடம் அமெரிக்காவின் மல்டி கன் போட்டிக்களம். ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் ஆகிய மூன்றையும் ஒரே ஓட்டத்தில் கையாளும் ஆட்டம் அது. த்ரீ கன் என்றும் சொல்வார்கள். மண்மேடுகள் சூழ்ந்த களத்தில் டைமர் ஒலித்ததும் போட்டியாளர் ஓடத் தொடங்குகிறார். ஒரு சாளரத்தின் வழியே ஐந்தாறு கெஜத்தில் நிற்கும் அட்டைகளைச் சுடுவார், அடுத்த நொடியில் தடுப்பொன்றின் ஓரத்தில் மண்டியிட்டு இருநூறு முந்நூறு கெஜத்துக்கு அப்பாலுள்ள இரும்புத் தகட்டைத் தேடுவார். ஒரு துப்பாக்கியின் வேலை முடிந்ததும் பாதுகாப்புப் பூட்டைப் போட்டு, அதற்கென வைத்த பீப்பாய்க்குள் இறக்கிவிட்டு, அடுத்ததை எடுப்பார். எடுத்துக்கொண்ட நேரமே கணக்கு. தவறிய இலக்குகளுக்கு வினாடிகள் கூடும். இதில் பயன்படும் ரைஃபிள் பெரும்பாலும் ஏஆர்-15 வகை. 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் உருவாக்கிய வடிவம் அது. 1959இல் கோல்ட் நிறுவனத்தின் கைக்குப் போய், எம்-16 என்ற பெயரில் வியட்நாம் போருக்குச் சென்றது. குடிமக்களுக்கு விற்கப்படுவது விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டும் சுடும். ஆனால் அந்தக் குண்டு, மூன்றரை கிராம் எடைதான் என்றாலும், வினாடிக்கு 900 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகும். இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர் தமது முதல் ரைஃபிளைத் தேர்வதை எல்லோரும் சந்தை விவகாரமாகவே பேசுகிறார்கள்: எந்த நீளம், எந்த ஸ்கோப், எவ்வளவு விலை. அந்தத் தேர்வுக்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது என்பது என் கருத்து. வாங்குவது போர்க்கருவியின் நகலா, ஆட்டத்தின் கருவியா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். மற்றவை எல்லாம் அதிலிருந்து தொடரும்.

வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பிளவு தொடக்கத்திலிருந்தே இருப்பது தெரியும். 1976இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் சுடுதல் போட்டிகளுக்கான ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டு அமைப்பு பிறந்தது. அதன் முதல் தலைவர் ஜெஃப் கூப்பர், அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாக இருந்தவர். துல்லியம், வலிமை, வேகம் என்ற பொருள் தரும் மூன்று லத்தீன் சொற்கள் அமைப்பின் முழக்கமாயின. கூப்பரைப் பொறுத்தவரை போட்டி என்பது நிஜ மோதலுக்கான உரைகல். 1980களில் மூன்று துப்பாக்கிப் போட்டியைப் பிரபலமாக்கியதில் பெரும்பங்கு சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன் என்ற இதழுக்கு உண்டு. கூலிப்படையினரின் உலகத்தை வாசகர்களுக்கு விற்ற இதழ் அது. ஆக, இந்த ஆட்டம் போரின் கற்பனையில் பிறந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிறந்த சில ஆண்டுகளிலேயே அது வழி மாறத் தொடங்கியது. போட்டியாளர்கள் களத்துக்கு வெளியே எதற்கும் உதவாத துப்பாக்கிகளையும் உறைகளையும் கொண்டு வந்தார்கள். விதிகளின் இடுக்குகளை ஆராய்ந்தார்கள், வினாடியின் நூறில் ஒரு பங்கைத் துரத்தினார்கள். பயிற்சி விளையாட்டாகச் சீரழிந்துவிட்டதாகக் கூப்பர் வெளிப்படையாகவே வருந்தினார். அவர் வீழ்ச்சியாகக் கண்டதை நான் மீட்சியாகக் காண்கிறேன். வில்லில் நரம்பு கட்டத் தொடங்கிய இடம் அதுதான்.

இந்த விலகல் எண்ணத்தில் மட்டும் நிகழவில்லை, அட்டையிலும் இரும்பிலும் நிகழ்ந்தது. எனக்கு முக்கியமான சான்று அதுவே. முதலில் அட்டை. அமெரிக்கப் போட்டிகளில் நெடுங்காலமாகப் புழங்கும் இலக்குக்கு மேலே தலைபோல் ஒரு பகுதி துருத்திக்கொண்டிருக்கும். மனித உருவின் நிழல் அது. ஐபிஎஸ்சியின் கிளாசிக் இலக்கில் அந்தத் தலை கிடையாது. மூலைகள் வெட்டப்பட்ட பழுப்பு அட்டை அது, பார்த்தால் ஆமை ஓடு நினைவுக்கு வரும். சுடும் கைக்கு இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்கு ஒன்றல்ல. அடுத்து ரைஃபிள். போட்டிக்கென்று தேர்ந்தவர்கள் பலர் 18 அங்குலக் குழலை விரும்புகிறார்கள். வாயு திரும்பும் துளை தள்ளி அமைவதால் இயக்கம் மென்மையாகிறது, பின்னுதைப்பு குறைகிறது. வண்டியிலிருந்து குதிப்பவனுக்கும் குறுகலான அறைக்குள் நுழைபவனுக்கும் குட்டைக் குழல் வேண்டும். ஆட்டக்காரருக்கு அது தேவையில்லை. குழல் முனையில் பொருத்தும் காம்பென்சேட்டர் இன்னும் தெளிவான சாட்சி. வெடிப்பின் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, அடுத்த குண்டுக்குள் குறி கலையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன உருளை அது. விலையாகப் பக்கத்தில் நிற்பவரின் காதைப் பிளக்கிறது. எல்லோரும் காதுக்கவசம் அணிந்த களத்தில்தான் அதைப் பொறுத்துக்கொள்ள முடியும். படைவரிசையில் நிற்பவன் அதை வேண்டவே மாட்டான். இப்படி ஒவ்வொரு பாகமாக ஆட்டத்துக்கு ஏற்றபடி மாறும்போது, அந்த ரைஃபிள் தன் பழைய வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறமை இழக்கிறது. யாழாவது என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இந்த இழப்பு.

ஆகவே முதல் ரைஃபிள் வாங்குபவருக்கு நான் சொல்லக்கூடியது எளிமையானது. .223 தோட்டா ஏற்கும் நம்பகமான ஏஆர், 16 முதல் 18 அங்குலக் குழல், குழலைத் தொடாமல் நிற்கும் முன்பிடி, தெளிவாக முறியும் விசை, ஒன்றிலிருந்து ஆறு மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப். ஒரு மடங்கில் வைத்தால் இரண்டு கண்களையும் திறந்தபடி அருகிலுள்ள அட்டைகளைச் சுடலாம். ஆறில் வைத்தால் முந்நூறு கெஜத்துத் தகடு கண்ணில் நிற்கும். 200 கெஜத்துக்குக் குறி சீரமைத்துவிட்டால் அதற்குட்பட்ட தூரங்களில் குண்டு இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் விலகாது. ஆனால் ஸ்கோப் குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே இருப்பதால், மிக அருகிலுள்ள இலக்கில் அந்த அளவு உயர்த்திக் குறிவைக்கப் பழக வேண்டும். புதியவர்கள் வினாடிகளைத் தொலைக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். மிச்சப் பணம் தோட்டாவுக்குப் போகட்டும். விளக்கு, லேசர், கத்தி மாட்டும் கட்டைவிரல் அளவு கொளுவி போன்ற போர்த்தோற்ற அணிகலன்களில் ஒன்றுகூட இந்த ஆட்டத்தில் ஒரு வினாடியையும் மிச்சப்படுத்தாது. விற்பனையாளர் அவற்றை முன்னே வைக்கும்போது வாங்குபவர் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இதை வைத்து எந்தக் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்க்கிறேன்?

படைக்கலம் விளையாட்டுக் கருவியானதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஈட்டியைப் பாருங்கள். 1984இல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். அரங்கத்துக்கே ஆபத்தாகிவிடும் என்ற நிலையில் 1986இல் ஆண்களுக்கான ஈட்டியின் எடைமையத்தை 4 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினார்கள். இப்போது அது சீக்கிரமே தலை கவிழ்ந்து தரையில் குத்தும். படைக்கலம் ஒன்று வேண்டுமென்றே குறைந்த தூரம் போகும்படி செய்யப்பட்டது; எறியும் கலை அழியவில்லை, எறிபவர்களின் பெருமையும் குறையவில்லை. பனிச்சறுக்கும் சுடுதலும் இணைந்த பயத்லான் இன்னும் நெருங்கிய உதாரணம். நார்வே எல்லைக்காவல் படையினரின் பயிற்சியிலிருந்து வந்த அந்த விளையாட்டு 1960இல் ஒலிம்பிக்கில் நுழைந்தபோது வீரர்கள் ராணுவத் தோட்டாக்களைச் சுட்டார்கள். 1978 முதல் சிறிய .22 தோட்டாவும் 50 மீட்டர் தூரமும்தான். இதயம் படபடக்க மூச்சை அடக்கிக் குறிவைக்கும் சிரமம் அப்படியே இருக்கிறது. கொல்லும் ஆற்றல் பெருமளவு போய்விட்டது, ஆட்டத்தின் உயிர் போகவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழகிய மறுப்பு வரும். கருவிக்கு நன்மை தீமை கிடையாது, எல்லாம் பயன்படுத்துபவரின் மனம் என்பார்கள். அமெரிக்கத் துப்பாக்கி விவாதத்தில் இது அரசியல் முழக்கம். கீழைத் தத்துவம் படித்தவர்களிடம் இன்னும் நாகரிகமான வடிவில் வரும். ஜெர்மானிய தத்துவப் பேராசிரியர் ஆய்கன் ஹெரிகல் 1920களில் ஜப்பானில் அவா கென்சோ என்ற ஆசிரியரிடம் வில்வித்தை கற்று, 1948இல் எழுதிய சிறுநூல் உலகம் முழுவதும் படிக்கப்பட்டது. வில்லும் இலக்கும் பொருட்டல்ல, தன்னை மறக்கும் மனமே எல்லாம் என்ற எண்ணத்தை அந்நூல் பரப்பியது. யமடா ஷோஜி என்ற ஜப்பானிய ஆய்வாளர் 2001இல் அந்தக் கதையை ஆராய்ந்து, அவா கென்சோ முறையாக ஜென் பயின்றவரல்லர் என்பதையும், முக்கியமான உரையாடல்கள் மொழித் தடையில் சிக்கித் திரிந்தவை என்பதையும் காட்டினார். என்னை ஈர்ப்பது அதற்கும் எளிய ஒரு விஷயம். கியூடோ எனப்படும் ஜப்பானிய வில்வித்தையில் வில் ஆள் உயரத்தைத் தாண்டியது; நடுவில் பிடிக்காமல் கீழ்ப்பகுதியில் பிடிப்பார்கள்; அடியெடுத்து வைப்பதிலிருந்து அம்பை விடுவது வரை வரிசை வகுக்கப்பட்டிருக்கிறது. மனம் அமைதியடைந்ததால் வடிவம் வரவில்லை. நூற்றாண்டுகளாகக் காத்த வடிவம் மனத்தை அமைதிக்குக் கொண்டுவந்தது. நல்ல எண்ணம் கொண்டவன் கையில் எதுவும் நல்லதே என்று நம்புவது மனத்தின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைப்பது. வள்ளுவரும் எண்ணத்தைப் பார் என்று சொல்லவில்லை, செயலைப் பார் என்றார்.

செயலை ஒழுங்குபடுத்துவதில் இந்த ஆட்டம் எட்டியிருக்கும் கடுமை, சமய நூல்களைப் படித்தவர்களை வியக்கவைக்கும். தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூலில் உமாசுவாதி இம்சையை வரையறுக்கும்போது, உயிருக்கு நேரும் கேட்டோடு அதை விளைவிக்கும் கவனமின்மையையும் சேர்த்தே சொல்கிறார். அந்தக் கவனமின்மைக்குச் சமஸ்கிருதச் சொல் பிரமாதம். தமிழில் அது 'மிகச் சிறப்பு' என்று எப்படியோ பொருள் மாறிவிட்டதால், இந்த இடத்தில் பழைய பொருளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சமணத்தின் பார்வையில், கவனமின்றி நடப்பவன் யாரையும் கொல்லாதபோதும் இம்சையின் பக்கம் சாய்ந்துவிட்டான். மல்டி கன் விதிகளும் இதையே வேறு மொழியில் சொல்கின்றன. களத்தில் முன்னோக்கிய அரைவட்டம் ஒன்று உண்டு. குழலின் வாய் அதைத் தாண்டினால் போட்டியாளர் வெளியேற்றப்படுவார். துப்பாக்கி கைநழுவி விழுந்தாலும், எண்ணாமல் ஒரு குண்டு வெடித்தாலும், பூட்டுப் போடாமல் பீப்பாயில் இறக்கிவைத்தாலும் அப்படியே. யாருக்கும் கீறல்கூட விழவில்லை என்பது வாதமாகாது. எத்தனை ஆண்டு அனுபவம் என்பதும் வாதமாகாது. இரண்டு நாள் போட்டிக்காக ஆயிரம் மைல் வந்தவரும் முதல் அரைமணியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பார்வையாளர் பக்கம் போக வேண்டியதுதான். விளைவுக்காகத் தண்டிப்பது நீதிமன்றம். விளைவே இல்லாத கவனக்குறைவைத் தண்டிக்கும் இடங்கள் உலகில் குறைவு, இந்தக் களம் அவற்றில் ஒன்று. அதனால்தான் மூன்று பவுண்டு அழுத்தத்தில் முறியும் மெல்லிய விசையை முதல் ரைஃபிளிலேயே பரிந்துரைக்கத் துணிகிறேன். விரல் விசைக்கு வெளியே இருக்கப் பழகாதவருக்கு எட்டு பவுண்டு விசையும் காவலல்ல.

நடைமுறை சார்ந்த ஓர் எதிர்வாதத்தையும் தள்ளிவிட முடியாது. வீட்டுக்காவல், வேட்டை, போட்டி எல்லாவற்றுக்கும் ஒரே ரைஃபிள் போதும், சாதாரண வருமானக்காரர் எத்தனை வாங்குவார் என்பது அது. சிக்கனத்தில் எனக்குப் பிணக்கில்லை. உள்ளூர்ப் போட்டிகள் அலங்காரமற்ற 16 அங்குல ரைஃபிளோடு வருபவரையும் வரவேற்கின்றன. பெரும்பாலான புதியவர்களுக்கு அதுவே ஓராண்டுக்குப் போதும். நான் எதிர்ப்பது விலையை அல்ல, மனத்தில் ஓடும் மூன்று காட்சிகளை ஒரே பொருளின் மேல் ஏற்றுவதை. சமண இல்லறத்தாருக்குரிய விரதங்களில் பயனற்ற கேடுகளைத் தவிர்ப்பது ஒன்று. அதன் பிரிவுகளில் பிறருக்கு நேரும் தீங்கை எண்ணி எண்ணிப் பார்ப்பதும் ஒரு குற்றம், கொலைக்குரிய கருவியைப் பிறர் கைக்குக் கிடைக்கச் செய்வதும் ஒரு குற்றம். படுக்கையருகே தோட்டா நிரப்பி வைத்த ரைஃபிளின் உரிமையாளர் இரவுதோறும் முதற்குற்றத்தைச் செய்கிறார். அதை யாரேனும் எடுக்க நேர்ந்தால் இரண்டாவதையும் செய்தவராகிறார். களத்தின் விதி படுக்கையறைக்கு எட்டாது. அங்கே அரைவட்டமும் இல்லை, நடுவரும் இல்லை. ஆட்டத்துக்கென்று வாங்கியது ஆட்டத்துக்கு மட்டும், மற்ற நேரமெல்லாம் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள். இது இரண்டாவது துப்பாக்கி வாங்கும் செலவைவிட மலிவான ஒழுக்கம்.

மிகக் கனமான எதிர்வாதம் இனித்தான் வருகிறது. அதற்கு முழுமையான பதில் என்னிடம் இருப்பதாக நடிக்க மாட்டேன். ஈட்டி தூரத்தை இழந்தது, பயத்லான் ரைஃபிள் வலிமையை இழந்தது. மல்டி கன் ரைஃபிள் எதை இழந்தது? நீளமும் சத்தமும் அதைப் போருக்குச் சற்றுப் பொருந்தாததாக்கலாம், ஒரு வகுப்பறைக்குப் பொருந்தாததாக்கவில்லை. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் ஏஆர்-15 வகை ரைஃபிளால் கொல்லப்பட்டார்கள். 2022 மே மாதம் டெக்சஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் அதே வகை ஆயுதத்துக்குப் பலியானார்கள். சாண்டி ஹூக்கில் கொலையாளியின் கையிலிருந்தது அவனுடைய தாய் சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்தது. அன்று முதலில் இறந்தவரும் அவர்தான். வாங்கியவர் ஒருவர், செய்தவன் வேறொருவன். செயலைக் கொண்டு மதிப்பிடு என்ற அளவுகோலை நேர்மையாகக் கையில் எடுத்தால், களத்தில் நடக்கும் இனிய செயலை மட்டும் எண்ணிவிட்டு இந்தச் செயல்களை வேறு கணக்கில் எழுத முடியாது. அதே வடிவம், அதே தோட்டா. யாழ் என்று நாம் பெயரிட்ட பிறகும் அம்பு பூட்டக்கூடிய வில்லாகவே அது இருக்கிறது. ஆகவே இந்த ரைஃபிளை வாங்குபவர் ஒரு கடனோடுதான் வாங்குகிறார். பெட்டியைப் பூட்டுவது அந்தக் கடனின் ஒரு பகுதி. சமூகம் விதிக்கும் வரம்புகளைத் தம் ஆட்டத்தின் மேல் தொடுத்த தாக்குதலாகப் பார்க்காமல் இருப்பது இன்னொரு பகுதி. அமெரிக்க ஆட்டக்காரர்களில் பலருக்கு மிகக் கசப்பான பகுதியும் அதுவே.

வரம்பு வந்தால் ஆட்டமே செத்துவிடும் என்ற அச்சத்துக்குப் பிரிட்டன் பதில் வைத்திருக்கிறது. 1987இல் ஹங்கர்ஃபோர்டில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக்கொன்றான். மறு ஆண்டே, தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களில் .22 போன்ற சிறு தோட்டா வகை தவிர்த்த மற்றவற்றை அங்கே சட்டம் தடை செய்தது. 1996இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு கைத்துப்பாக்கிகளும் போயின. இழப்பு மெய்யானது; பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியிருந்தது. ஆனால் ஓடியபடி சுடும் ரைஃபிள் போட்டிகள் நிற்கவில்லை. ஏஆர் வடிவத்திலேயே, வாயுவால் இயங்கும் பகுதியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைப் பின்னே இழுத்து விடும் ரைஃபிள்களைச் செய்துகொண்டார்கள். .22 ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் தனிப் போட்டிகள் வளர்ந்தன. அமெரிக்காவில் முதல் ரைஃபிளைத் தேர்பவர் கடை வாசலில் நின்று இந்தப் பிரிட்டிஷ் ஆட்டக்காரர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். நாளை இதே நிபந்தனை தமக்கும் வந்தால், கைப்பிடியை இழுத்து இழுத்துச் சுட்டுக்கொண்டு அப்போதும் களத்துக்கு வருவாரா? வருவேன் என்று தயங்காமல் சொல்ல முடிந்தால் அவர் தேடிவந்தது ஆட்டத்தைத்தான்; எந்த நிறுவனத்தின் ரைஃபிள் என்பதைப் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். தயக்கம் எழுந்தால், பணத்தை எடுத்து வைக்கும் முன் அது எங்கிருந்து எழுந்தது என்று அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.